டர்பன் தெருவில் கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சனிக்கிழமை காலை வார்விக் ஜங்ஷன் மேம்பாலத்தடியிலும் விக்டோரியா தெருச் சந்தையிலும் புதிதாகக் கேமரா வாங்கியவர்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கழுத்தில் கம்பெனிப் பெயர் பெரிதாகப் போட்ட வார், முதுகில் பொதிமூட்டை மாதிரி ஒரு பை, கண்ணில் பாதி ஆசை, பாதி பயம். நமக்குத் தெரிந்த பிள்ளைகள்தான். அவர்கள் செய்யும் தவறுகளும் பழைய தவறுகள்தான். பேட்டரி சார்ஜ் செய்யாமல் வருவது, மெமரி கார்டை வீட்டிலேயே விட்டு வருவது இதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும். பட்டும் திருந்தாத சில தவறுகள் இருக்கின்றன, அவற்றைப் பார்ப்போம்.

எதிர்ச்சாரியில் நின்று ஜூம் போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கையிலிருக்கும் காசைத் தேவைக்கு மேல் கரைப்பதும் இதுதான். தெருப்படம் எடுக்க ஆசைப்படுகிறவர் முதலில் வாங்குவது தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் 55-200 அல்லது 70-300 மி.மீ. லென்ஸ். காரணம் கூச்சம். ஆள் பக்கத்தில் போகப் பயம், அதனால் லென்ஸை நீட்டிக்கொள்கிறார்கள்.

சந்தையில் நடப்பதைப் பாருங்கள். மசாலாக் கடையில் மிளகாய்த்தூள் கூம்பு கூம்பாகக் குவித்திருக்கிறது. ஒரு குவியலில் ‘மாமியாரைத் தீர்த்துக் கட்டும் மசாலா’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் அட்டை செருகியிருக்கிறது. டர்பனுக்கு வருகிற எவரும் சிரித்துவிட்டுப் போகும் அட்டை. ஓர் அம்மா அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு கடைக்காரரைப் பார்க்கிறார். கடைக்காரருக்கு இது தினசரி நடக்கிற கூத்து, பாதிச் சிரிப்போடு பொட்டலம் மடிக்கிறார். நம் ஆள் நடைபாதைக் கோடியில், 20 மீட்டருக்கு அப்பால் நிற்கிறார். நடுவில் கூடை தூக்கிப் போகிறவர் தோள் இரண்டு. கடைசியில் கிடைப்பது அந்த அம்மாவின் முகம், பின்னால் ஒரு சிவப்புக் கலங்கல். அட்டை இல்லை, கடைக்காரர் இல்லை, சிரிப்புக்குக் காரணமும் இல்லை.

இது திறமைக் குறைவு அல்ல, கணக்கு. ஏபிஎஸ்-சி சென்சார் (முழு பிரேமை விடச் சின்னது) உள்ள கேமராவில் 24 மி.மீ. லென்ஸைப் போட்டு 2.5 மீட்டரில் நின்றால் அந்தத் தூரத்தில் சுமார் 2.4 மீட்டர் அகலம் பிரேமுக்குள் விழும். ஆளுக்குப் பின்னால் 10 மீட்டர் தள்ளியிருக்கும் கடை வரிசையில் 12 மீட்டர் அகலம் தெரியும். அதே ஆளை அதே அளவில் 200 மி.மீ. லென்ஸால் பிடிக்க ஏறக்குறைய 21 மீட்டர் பின்னே போக வேண்டும். அப்போது பின்னாலிருக்கும் அதே கடை வரிசையில் மூன்றரை மீட்டர்தான் தெரியும். தெருப்படத்தில் தெருவையே கத்தரித்துப் போட்ட மாதிரி.

தெளிவின் ஆழமும் அப்படித்தான். 24 மி.மீ., எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சின்னது), ஃபோகஸ் 2.5 மீட்டர் என்று வைத்தால் 1.5 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். 200 மி.மீ. எஃப்/5.6 வைத்து 21 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் மொத்தம் இரண்டரை மீட்டர்தான் கிடைக்கும். ஆள் நாலு எட்டு நடந்தால் போச்சு. கை நடுக்கம் தெரியாமலிருக்க ஷட்டர் வேகமும் 1/300 நொடிக்கு மேல் வேண்டும். சாயங்காலம் வெளிச்சம் இறங்கியதும் அதற்கு ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) ஏற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று: தூரத்திலிருந்து நீள லென்ஸை நீட்டுகிறவர் பதுங்கி எடுக்கிறவராகத் தெரிகிறார். துப்பறிகிறவரோ என்று டாக்ஸி ஸ்டாண்டில் சந்தேகப்படுவார்கள். பக்கத்தில் சின்னக் கேமராவோடு நின்று சிரிக்கிறவரை அப்படி யாரும் நினைப்பதில்லை.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் போதும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஜூம் வளையத்தை 24இல் வைத்து மேலே ஒரு துண்டு மின்சார டேப் ஒட்டிவிடுங்கள். துளையை எஃப்/8இல் வையுங்கள். 2.5 மீட்டர் தள்ளியிருக்கும் ஏதாவதொன்றில், மூன்று எட்டுக்குச் சற்று அதிகமான தூரம், ஆட்டோ ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடவே கூடாது. தூரம் சரிதானா என்று பார்க்க ஒரு வழி: கேமராவை நெட்டுக்குப் பிடித்தால் நிற்கிற ஆள் தலை முதல் கால் வரை விழுந்து தலைக்கு மேல் கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் 2.5 மீட்டர்தான். முழு பிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 35 மி.மீ. வைத்தால் அதே எஃப்/8இல் 1.7 முதல் 4.9 மீட்டர் வரைதான் தெளிவு, அதனால் அங்கே கொஞ்சம் கவனம் வேண்டும்.

மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத) கேமராவில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பல லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் நேரடியாகக் கண்ணாடியை நகர்த்துவதில்லை, மோட்டார்தான் நகர்த்துகிறது. கேமராவை அணைத்தாலோ அது தானாகத் தூங்கப் போனாலோ வைத்திருந்த தூரம் மறந்துபோகும். தூங்கும் நேரத்தை மெனுவில் நீட்டி வையுங்கள். அணைத்து எழுப்பினால் மறுபடி 2.5 வையுங்கள். அரை நாள் படம் முழுவதும் மங்கலாக வந்தது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

கூச்சம் போக வேறு மருந்து இல்லை, பேச்சுதான். கிரே தெருப் பக்கத்துக் கடைகளில் (இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ தெரு) வயதானவர்களை ‘அங்கிள்’, ‘ஆண்டி’ என்று கூப்பிட்டால் போதும். சூலு பேசும் வியாபாரிகளிடம் ‘சனிபோனா’ (வணக்கம்) சொல்லி, மூத்த பெண்களை ‘மா’ என்றும் ஆண்களை ‘பாபா’ என்றும் அழையுங்கள். ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்குங்கள். பத்து நிமிஷம் கழித்து நீங்கள் நிற்பதையே மறந்துவிடுவார்கள். படம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

ஷட்டரைக் கேமராவிடம் விடுவது

நடக்கிறவர் கால் கலங்காமல் விழ 1/500 வேண்டும். தானாக விட்டால் நிழலில் கேமரா 1/60க்கு இறங்கும். நல்ல வெயிலில் எஃப்/8, 1/800, ஐஎஸ்ஓ 200. திறந்த நிழலில் அதே எஃப்/8, 1/800க்கு ஐஎஸ்ஓ 1600 ஆகிறது. ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்து, குறைந்தபட்ச ஷட்டர் 1/500, உச்சம் 6400 என்று பூட்டிவிட்டால் வராந்தாவுக்குள்ளும் வெளியேயும் போய்வரலாம். புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலுக்குப் பயந்து கலங்கிய படம் எடுக்கிறார்கள். இரைச்சலை மன்னிக்கலாம், கலங்கலை மன்னிக்க முடியாது.

வெளிச்சமானியை நம்புவது

கேமராவின் மானி எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெயில் அடிக்கும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த முகம் நின்றால் முகம் கரியாகும், கேமராவின் வெளிச்சத் திருத்தத்தை (+/- பொத்தான்) கூட்டல் பக்கம் 0.7 முதல் 1 வரை ஏற்ற வேண்டும். கடை வராந்தாவின் இருட்டுக்கு முன்னால் அதே முகம் வெளிச்சத்தில் நின்றால் வெளிறிப் போகும், கழித்தல் 0.7. இந்த ஊரில் முக்கால்வாசிப் படம் இந்த இரண்டில் ஒன்றுதான். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள்.

சென்னை வீடியோவைப் பார்த்து நிழல் தேடுவது

டர்பன் தெற்கே 30 பாகையில் இருக்கிறது. வருஷம் முழுக்க உச்சிவெயில் வடக்கிலிருந்துதான் விழும். தமிழ்நாட்டு வீடியோக்களில் சொல்லும் திசை இங்கே தலைகீழ். கடற்கரை நோக்கிப் போகும் டாக்டர் பிக்ஸ்லி காசெமே தெரு மாதிரி கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் ஜூனில் வடசாரிக் கட்டடங்கள் தெருவையே மூடும். நண்பகலிலும் சூரியன் 37 பாகைதான் ஏறுகிறது, 14 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் 19 மீட்டர் நீளும். ஆகவே தென்சாரி நடைபாதையில் ஆள் வெளிச்சத்துக்குள் நுழையும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே காத்திருங்கள். டிசம்பர் நண்பகலில் சூரியன் 83 பாகையில் தலைக்கு மேல் நிற்கும், எல்லார் கண்ணும் இருட்டுக் குழி. அப்போது விடிவது 5 மணிக்கு முன்பே. காலைச் சந்தை அதற்குள் களைகட்டியிருக்கும், 8 மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

எங்கோ எடுத்த படத்தை இங்கே எடுக்கப் பார்ப்பது

டோக்கியோ மழை, நியான் விளக்கு, குடை. கைப்பேசியில் தினமும் பார்த்துப் பார்த்து டர்பனிலும் அதையே தேடுகிறார்கள். இந்த மண்ணிலேயே பார்க்க வேண்டிய படக்காரர்கள் இருக்கிறார்கள். இசிபிங்கோவில் 1925இல் பிறந்து ‘ட்ரம்’ இதழுக்கு டர்பனைப் படம் பிடித்த ரஞ்சித் காலி. கிரே தெரு வட்டாரத்தை உள்ளிருந்தே எடுத்த, 1945இல் டர்பனில் பிறந்த ஓமர் பட்ஷா. பிரிட்டோரியாவிலிருந்து எர்னஸ்ட் கோல், 1967இல் அமெரிக்காவில் வெளியான இவருடைய புத்தகத்தை இங்கே தடை செய்தார்கள்.

டேவிட் கோல்ட்பிளாட்டைத் தனியாகப் பாருங்கள். நிறவெறிக் காலம் முழுக்கத் தன் சொந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர், 1990களின் கடைசியில்தான் வண்ணத்துக்கு வந்தார். அவர் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. சரியாக வராத படத்தைக் காப்பாற்ற நாம் கறுப்பு வெள்ளையாக்குவதற்கு என்ன நியாயம்? மஞ்சள்தூளும் கீரையும் இருக்கிற சந்தையை வண்ணத்தில் எடுக்கப் பழகுங்கள்.

இவர்கள் படங்களில் ஆளை மட்டும் பார்க்காதீர்கள். ஆளுக்கும் கேமராவுக்கும் எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். ஓரங்களில் எதை விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மூலிகைச் சந்தையில் கேட்காமல் எடுப்பது

கூடாது. அங்கே பலர் விரும்புவதில்லை. டாக்ஸி ஸ்டாண்டிலும் முதலில் வரிசையைக் கவனிக்கும் ஆளிடம் பேசுங்கள்.

காவடியில் ஃபிளாஷ்

அருள் வந்தவர் முகத்தில் ஃபிளாஷ் அடிக்கிறவர் படம் எடுக்க வரவில்லை, உபத்திரவம் கொடுக்க வந்திருக்கிறார். வேல் குத்தும் இடத்தில் கோயில் நிர்வாகத்திடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறப்பது

கோடைக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த கண்ணாடியில் நொடியில் பனி படியும், துடைத்தாலும் மறுபடி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வையுங்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்காவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

தெருவில் லென்ஸ் மாற்றுவது

வேண்டாம். ஒரு கேமரா, ஒரு லென்ஸ், மணிக்கட்டில் வார், கூட ஓர் ஆள். கம்பெனிப் பெயர் போட்ட கழுத்து வாரை வீட்டில் விடுங்கள்.

வீட்டுக் காப்பீடு போதும் என்று நினைப்பது

வீட்டுப் பொருள்களுக்கான சாதாரணக் காப்பீடு பொதுவாக வாசலோடு சரி. வெளியே எடுத்துப் போகும் கேமராவுக்கு ‘ஆல் ரிஸ்க்’ பிரிவில் பாடி, லென்ஸ் ஒவ்வொன்றையும் சீரியல் எண்ணோடு தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ரசீதையும் சீரியல் எண் தெரியும் படத்தையும் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். பறிபோனால் போலீஸில் புகார் பதிந்து வழக்கு எண் வாங்கினால்தான் காப்பீட்டுக்காரர் கோரிக்கையை எடுத்துக்கொள்வார்.