கெடு தாண்டிய பிறகு வக்கீலைத் தேடாதீர்கள்

ஒரு புரோநோட்டை, அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டை, எடுத்துக்கொள்வோம். தேதி 2022 ஜூன் 10, தொகை 2 லட்சம், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காகக் கையெழுத்து. கடன் கொடுத்தவர் அதை மடித்து பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். கேட்கும்போதெல்லாம் “தை பிறக்கட்டும், தந்துவிடுகிறேன்” என்று பதில் வருகிறது. சொந்தக்காரர், எப்படி நெருக்குவது? 2025 ஜூலையில் மனம் வெறுத்து வக்கீலிடம் போகிறார். வக்கீல் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “பின்னாடி வரவு எதுவும் எழுதலையா?”

எழுதவில்லை. ‘கேட்கும்போது தருகிறேன்’ என்ற புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963-ஆம் வருடத்துக் காலவரம்புச் சட்டம். எதிராளி வாய் திறக்காவிட்டாலும், கெடு தாண்டியிருந்தால் நீதிபதியே வழக்கைத் தள்ளுபடி செய்தாக வேண்டும். அப்பீல், மனு போன்றவற்றில் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கலாம். புதிதாகப் போடும் வழக்குக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது, தப்பிக்கும் வழி அவ்வளவு எளிதாக இருப்பதுதான். 3 வருடம் முடிவதற்குள் கடன் வாங்கியவர் 5,000 ரூபாய் கொடுத்தால்கூட, அதை நோட்டின் பின்பக்கம் வரவு வைத்து, தேதி போட்டு, அவரிடமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும். பணமே தராமல் “இவ்வளவு பாக்கி இருக்கிறது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அதே பலன். பலர் செய்யும் தவறு, வரவைத் தாங்களே எழுதி வைத்துக்கொள்வது. பணம் கட்டிய கடன்காரர் கைப்பட எழுதாத, கையொப்பமும் போடாத வரவு கெடுவை நீட்டாது. கெடு தாண்டிவிட்டதா? “அந்தப் பழைய கடனைத் தருகிறேன்” என்று கடன்காரர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது புது ஒப்பந்தமாகச் செல்லும். வாய்வார்த்தை செல்லாது.

செக் விஷயத்தில் கணக்கு நாட்களில். செக் திரும்பியது என்று வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த நாளிலிருந்து பணம் தர செக் கொடுத்தவருக்கு 15 நாள். அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். வங்கி தரும் மெமோவைத் தொலைக்காதீர்கள், அது வந்த தேதியை அன்றே குறித்து வையுங்கள். நோட்டீஸில் செக் தொகையைத் தெளிவாக அப்படியே கேளுங்கள். தொகையை மாற்றிக் கேட்டால் வழக்கே அடிபடும். ஒரு முறை 30 நாள் தவறிவிட்டால், செக் தேதியிலிருந்து 3 மாதம் முடியாதவரை மறுபடி வங்கியில் போட்டுப் பார்க்கலாம். இது தெரியாமல் கையை விரித்துவிடுகிறவர்கள் நிறைய.

வீடு, மனை வாங்க முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டவர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். கிரயம் முடிக்க ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து 3 வருடம் வரை வழக்குப் போடலாம் என்பது உண்மை. ஆனால் மீதிப் பணத்தோடு தயாராக இருந்தோம் என்பதை வாங்குபவர்தான் நிரூபிக்க வேண்டும். குறித்த தேதிக்கு முன்பே “பணம் தயார், பத்திரம் செய்து கொடுங்கள்” என்று ஒரு நோட்டீஸ் போயிருந்தால் வழக்கின் முகமே மாறிவிடும். எழுதிய பத்திரத்தையும் 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தர வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அபராதத்தோடு இன்னும் 4 மாதம், அவ்வளவுதான். உங்கள் நிலத்தை வேறொருவர் சொந்தம் கொண்டாடி அனுபவிக்கத் தொடங்கினால் 12 வருடத்தில் உங்கள் உரிமையே போய்விடும் என்ற கணக்கும் ஓட ஆரம்பித்துவிடும். வெளியூரில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பாருங்கள்.

குடும்ப வழக்குகளில் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். “மாமியார் வீட்டில் பேசி முடிக்கலாம்” என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகச் சொன்னது. அதாவது, மனு போடாமல் கழிந்த மாதங்களுக்குக் கணக்கில்லை. பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், மனு கோர்ட்டில் இருக்கட்டும். உத்தரவு வந்தும் கணவர் தராவிட்டால், ஒவ்வொரு மாதத் தொகையையும் அது தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டு மனு செய்ய வேண்டும். பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின்படியோ, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின்படியோ வாங்கிய உத்தரவுக்கு இந்தக் கெடு உண்டு.

சிறு தொழில் நடத்துகிறவர்கள் பில் பாக்கிக்காக மாதக்கணக்கில் நடையாய் நடக்கிறார்கள். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி அல்லது சேவை நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி. பதிவு செய்யாமலே சரக்கை அனுப்பிவிட்டு, தகராறு வந்ததும் பதிவுக்கு ஓடுவது பலன் தராமல் போகலாம். நுகர்வோர் புகாருக்குக் கெடு 2 வருடம். சம்பளப் பாக்கியை வாயால் மட்டும் கேட்காமல் மெயிலில் கேளுங்கள்.

கடைசியாக, அக்கம்பக்கத்தில் சொல்லும் ஒரு யோசனை: “நோட்டீஸை வாங்காதே, திருப்பி அனுப்பிவிடு.” தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். வாங்க மறுத்தால் உங்களுக்குக் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். சம்மனுக்கும் அதே கதிதான்: நீங்கள் போகாத கோர்ட்டில் உங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும், அதை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க 30 நாள்தான். சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியரான ஆமீனா வாசலுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதால் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அப்புறம், வக்கீல் வைக்கக் காசில்லை என்று தள்ளிப்போடவும் வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.