ஜெர்மனிக்குப் பிள்ளையோடு வருகிறீர்களா? நாலாம் வகுப்பைப் பற்றி முதலில் விசாரியுங்கள்

மியூனிக்குக்கு வேலை மாற்றி வரும் நம் ஆட்கள் முதலில் கேட்பது வாடகை, அப்புறம் இட்லி அரிசி. சரி, பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயது என்றால் அதற்கும் முன்னால் பள்ளியைப் பற்றிக் கேளுங்கள்.

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பத்து வயதிலேயே பிள்ளைகளை மூன்றாகப் பிரித்துவிடுகிறார்கள். கிம்னாசியும் என்றால் நேராகப் பல்கலைக்கழகப் பாதை, ரியால்ஷூலே நடுவில், மிட்டல்ஷூலே பெரும்பாலும் தொழிற்பயிற்சிக்கு. நாலாம் வகுப்பில், மே மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் மூன்றின் சராசரி 2.33க்குள் இருந்தால் கிம்னாசியும், 2.66க்குள் இருந்தால் ரியால்ஷூலே. இங்கே 1தான் உச்சம், 6 கடைசி. தெரிந்தவர் ஒருவர், மகன் 4 வாங்கி வந்ததும் ஐந்துக்கு நாலு என்று நினைத்து கேசரி கிண்டிவிட்டார்.

மூன்று பாடம் என்று பேர், மூன்றிலும் சோதிப்பது ஜெர்மன்தான். என் மகள் நீர்ச் சுழற்சியை அம்புக்குறி போட்டு அழகாக வரைந்திருந்தாள், ஆனால் ஆவியாவதற்கு ஜெர்மனில் என்ன சொல் என்று தெரியாமல் அந்தக் கோட்டைக் காலியாக விட்டதில் மதிப்பெண் போச்சு. இப்படித்தான் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் மிட்டல்ஷூலேயில் போய்ச் சேருகிறார்கள், மொழி தெரியாமல் பதினொரு வயதுக்கு மேல் வருபவர்களுக்கான ஜெர்மன் வகுப்புகளும் பெரும்பாலும் அங்கேதான். கடைசியில் ஜெர்மன் பழக வேண்டிய பிள்ளைக்கு, இடைவேளையில் ஜெர்மன் பேச வீட்டில் அதைப் பேசும் பிள்ளைகள் ரொம்பக் குறைவு. பத்து வயதில் பிரிப்பது மாறும் என்று காத்திருக்காதீர்கள். ஹாம்பர்கில் ஆரம்பப் பள்ளியை ஆறு வருடமாக்கி, பிரிப்பதைத் தள்ளிப்போடும் திட்டத்தையே 2010 வாக்கெடுப்பில் மக்கள் தோற்கடித்தார்கள்.

யாரும் தானாக வந்து சொல்லாத ஒரு விதி: ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஜெர்மன் பள்ளியில் படிக்காத பிள்ளைக்கு, குறை மொழியால்தான், அது சரியாகிவிடும் என்று பள்ளி கருதினால், சராசரியில் 3.33 வரை தளர்வு உண்டு. மூன்றாம் வகுப்பிலேயே ஆசிரியரைச் சந்தித்து இதைக் கேளுங்கள். "ரியால்ஷூலே போதுமே, பிள்ளையை ஏன் வதைக்கிறீர்கள்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள், சிரித்துக்கொண்டே திரும்பவும் கேளுங்கள். சராசரி தவறினாலும் மூன்று நாள் சோதனை வகுப்பு உண்டு. ஜெர்மன், கணக்கு இரண்டில் ஒன்றில் 3, மற்றதில் 4 எடுத்தால் தேர்ச்சி.

மிட்டல்ஷூலேதான் கிடைத்தது என்றாலும் பத்தாவது வரை போகும் எம் பிரிவில் சேர்த்துவிடுங்கள், அங்கிருந்து மேல்நிலைத் தொழிற்பள்ளி வழியாகக் கல்லூரிக்குப் போகலாம். பெர்லினில் வேலை கிடைத்தவர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம், அங்கே ஆரம்பப் பள்ளி ஆறாவது வரை.