அலசாமல் விட்டதால் வந்த வினை

கொழிஞ்சாம்பாறைக்கு லீவில் வந்தும் லேப்டாப்பை மூட முடியவில்லை. புரதத்தின் இரண்டு சிஸ்டீன் அமினோ அமிலங்களில் எம்டிஎஸ்எல் என்ற நைட்ராக்சைடு அடையாளத்தை (ஜோடி சேராத எலக்ட்ரான் கொண்ட சிறு மூலக்கூறு) ஒட்டி, 50 கெல்வினில் உறையவைத்து, அந்த இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று பாதிப்பதை வைத்து அளக்கும் டீயர் முறையில் இடைத்தூரம் அளக்கிறேன். சுமார் 1.5 முதல் 8 நானோமீட்டர் வரை இதில் பிடிபடும். சிக்னல் கோடு அலைபோல் ஏறி இறங்கினால்தான் தூரம் தெரியும்; எனக்கோ அது அலையே இல்லாமல் சரிந்துகொண்டே போனது.

பக்கத்து வீட்டு மாமா சாயம் தோய்த்த நூலை அலசிக்கொண்டிருந்தார். "ஒட்டாத சாயம் போற வரைக்கும் அலசோணும் கண்ணு."

சுரீரென்றது. அடையாளத்தின் எலக்ட்ரானைக் காட்டும் பழைய இஎஸ்ஆர் (எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு) பதிவைத் திறந்தேன். அறை வெப்பநிலையில் மூன்று கூர்மையான கோடுகள்: ஒட்டாமல் திரியும் எம்டிஎஸ்எல்! முதல் நாளே பார்த்திருந்தேன், "கொஞ்சம்தானே" என்று விட்டுவிட்டேன்.

திரும்பிப் போனதும், ஒட்டுவதற்கு முன்பே, சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று பிணையாமல் இருக்கச் சேர்த்திருந்த டைதயோதிரைட்டாலை, மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் குழாயில் வடித்து நீக்கினேன். அது மிஞ்சினால் ஒட்டிய அடையாளத்தையும் கழற்றிவிடும். இரவு முழுக்க 4 டிகிரியில் ஒட்டவிட்டு, ஒட்டாததை நீக்க மறுபடி குழாய், இரண்டு தடவை. கூர்கோடுகள் போன பிறகுதான் உறையவைத்தேன். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள கனநீரும் கிளிசராலும் சேர்த்ததில் சிக்னல் கூடுதல் நேரம் நின்றது.

இந்தத் தடவை அலை வந்தது. ஒரு சுற்றுக்கு 1.2 மைக்ரோநொடி, கணக்குப்படி ஏறத்தாழ 4 நானோமீட்டர்.