பால்கனிக்கு வெயில் திரை வாங்கும் முன் ஒரு சாக்பீஸ் எடுங்கள்

என் முதல் பால்கனித் திரையை நிறம் பார்த்து வாங்கினேன். இலைப்பச்சை, செடிகளோடு பொருந்தும் என்று ஆசை. மாட்டிய மூன்றாம் நாள் ராத்திரி காற்று கிளம்பியது. திரையின் அடியில் இருந்த குழாய் கண்ணாடிக் கதவில் டம் டம் என்று விடிய விடிய மோதியது. எழுந்து போய்ச் சுருட்டலாம் என்றால், கயிறு சிக்கிக் கிடந்தது. அதனால் சொல்கிறேன்: முதலில் வெயில், அப்புறம் காற்று, அப்புறம் துணி. நிறத்துக்குக் கடைசி இடம்தான்.

படி 1: வெயிலுக்குக் கோடு போடுங்கள்

ஒரு விடுமுறை நாளில் காலை 9, பகல் 12, மாலை 4 மணிக்கு வெயில் தரையில் எதுவரை வருகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மணியை எழுதுங்கள். சுவரில் ஏறினால் அங்கேயும் குறியுங்கள். சாயங்காலம் பார்த்தால் என்ன திரை வேண்டும் என்பதைத் தரையே சொல்லிவிடும்.

கிழக்கு, மேற்குப் பால்கனிகளில் வெயில் சாய்ந்து முகத்துக்கு நேராக வரும். தலைக்கு மேல் எவ்வளவு பெரிய பந்தல் போட்டாலும் அதன் அடியில் நுழைந்துவிடும். இதற்கு மேலிருந்து கீழே இறங்கும் திரைதான் சரி. தெற்குப் பால்கனியில் கோடைப் பகல் வெயில் உயரத்திலிருந்து இறங்குவதால், சுவரிலிருந்து வெளியே நீளும் சாய்ப்பே பெரும்பாலும் போதும். (பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவர்கள் இதை வடக்கு என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

‘உள்ளேதான் கனமான திரைச்சீலை இருக்கிறதே’ என்று தோன்றலாம். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் சீலையைச் சுட வைக்கும். அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியிலேயே மறித்தால் பெரும்பகுதி சூடு வெளியோடு போய்விடும்.

படி 2: காற்றைக் கணக்கில் எடுங்கள்

காற்றின் வேகம் 2 மடங்கானால் துணியின் மேல் விழும் அழுத்தம் 4 மடங்காகும். பொதுவாக மேலே போகப் போகக் காற்றும் கூடும். உயரமான தளம் என்றால், துணியின் இரு ஓரத்தையும் கவ்விப் பிடிக்கும் பக்கத் தடம் உள்ள திரையைப் பாருங்கள். ‘ஜிப் டிராக்’ என்று கேட்டால் காட்டுவார்கள். அதற்கு அடுத்தது, இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளின் வழியே இறங்கும் வகை. சும்மா தொங்கும் மூங்கில் தட்டி, காற்று அடங்கிய கீழ்த்தளத்துக்கு மட்டும்.

பாய்மரம் போன்ற முக்கோணத் துணி படத்தில் அழகாக இருக்கும். அதைக் கைப்பிடிக் கம்பியில் கட்டாதீர்கள். அந்த இழுவையைத் தாங்குவதற்காக யாரும் கைப்பிடி வைப்பதில்லை.

படி 3: துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

மாதிரித் துண்டை வாயருகே வைத்து ஊதுங்கள். காற்று போனால் வலைத்துணி: வெயிலைக் குறைக்கும், புழுக்கம் வைக்காது, ஆனால் சாரலை முழுதாகத் தடுக்காது. போகவில்லை என்றால் மழைக்கு நல்லது. ஆனால் காற்றை நெஞ்சில் வாங்கும், பால்கனியும் வெக்கையாகும். வெயில்தான் பிரச்சினை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வலைத்துணியை எடுங்கள் என்பேன்.

எண்களில் ஒரு குழப்பம் உண்டு. நிழல் வலையில் 75%, 90% என்று இருந்தால் அது மறைக்கும் அளவு. ரோலர் (சுருட்டும்) திரையில் 3%, 5%, 10% என்று இருந்தால் அது துணியில் துளைகள் பிடிக்கும் பங்கு. முன்னதில் எண் கூடினால் நிழல் கூடும், பின்னதில் எண் குறைந்தால்தான் நிழல் கூடும். செடி வளர்ப்பவர்கள் 90% வலையைப் போட்டுவிட்டு, பூக்கவில்லையே என்று தேடாதீர்கள்.

சரி, இப்போது நிறம். வலைத்துணியில் அடர்நிறம் கண்கூச்சத்தைக் குறைக்கும், வெளியே தெளிவாகத் தெரியும். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் தானே பளபளக்கும். ஒரு நூலைப் பிரித்துப் பாருங்கள். மேலே நிறம், உள்ளே வெள்ளை என்றால் சீக்கிரம் வெளுக்கக்கூடும்.

படி 4: அளவெடுங்கள்

அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். சுவர்களுக்கு நடுவே மாட்டுவதென்றால் மூன்றில் சிறியதுதான் உங்கள் அளவு. சுவர் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

படி 5: துளை போடும் முன்

குடியிருப்போர் சங்கத்திடம் கேளுங்கள். வெளிப்பக்க நிறத்துக்கும் வெளிச்சுவரில் துளையிடுவதற்கும் பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு. வாடகை வீடு என்றால், தரைக்கும் கூரைக்கும் நடுவே இறுக்கி நிறுத்தும் கம்பங்கள் கிடைக்கின்றன. காற்று குறைந்த இடத்துக்கு அது போதும். கடற்கரைப் பக்கம் இருந்தால் ஸ்க்ரூ, கொக்கி எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பு துருப்பிடித்துச் சுவரில் கோடு இழுக்கும். ஏசியின் வெளி யூனிட்டை மூடாதீர்கள், அதற்கு மூச்சு வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தொங்கும் கயிறே வேண்டாம். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து நிஜமானது. கைப்பிடி சுழற்றும் வகையோ மோட்டார் வகையோ வாங்குங்கள்.

மாட்டியபின் ஒருமுறை 4 மணிக்குப் போய், பழைய சாக்பீஸ் கோடு நிழலுக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். பலத்த காற்று வருகிறது என்றால் எந்தத் திரையானாலும் சுருட்டிவிடுங்கள். மழையில் நனைந்து அப்படியே சுருட்ட நேர்ந்தால், மறுநாள் வெயில் வந்ததும் இறக்கிக் காயவிடுங்கள். இல்லையென்றால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும். எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது.