கிரயப் பத்திரத்தில் பிழையா? எழுதிக் கொடுத்தவர் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்

அப்பா 1997-இல் வாங்கிய மனையின் பத்திரத்தில் வடக்கும் தெற்கும் இடம் மாறிக் கிடந்தது, வீட்டுக் கடனுக்காக வங்கி வக்கீல் படித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் எழுதிக் கொடுத்தவர், அதாவது மனையை விற்றவர், காலமாகி ஒன்பது வருடம். பிள்ளைகள் நான்கு பேர், ஆளுக்கொரு ஊர். நால்வரின் கையெழுத்தையும் வாங்க ஒன்றரை வருடம் அலைந்தோம். அவர் இருந்தபோதே கவனித்திருந்தால் ஒரு முற்பகலில் முடிந்திருக்கும். தமிழ்நாட்டில் வீடோ மனையோ வாங்குகிற யாருக்கும் இந்த அலைச்சல் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சொத்து விவரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

பத்திர எழுத்தர் வரைவைக் கொடுத்ததும் நாம் பெயரைப் பார்க்கிறோம், தொகையைப் பார்க்கிறோம், சரி என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பத்திரத்தின் உயிர் கடைசிப் பக்கங்களில் உள்ள சொத்து விவரத்தில்தான் இருக்கிறது. சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை, பக்க அளவுகள் எல்லாம் அங்கேதான்.

நான்கெல்லையில் பிழை எப்படி நுழைகிறது என்று பாருங்கள். பழைய பத்திரங்களில் "முருகன் மனைக்கு வடக்கு" என்று எழுதியிருப்பார்கள். நம் மனை முருகன் மனைக்கு வடக்கே இருக்கிறது என்பது அதன் பொருள். அதாவது முருகன் மனை நமக்குத் தெற்கு எல்லை. புதுப் பத்திரம் எழுதும்போது இதையே "வடக்கில்: முருகன் மனை" என்று மாற்றித் தட்டச்சு செய்துவிட்டால் மனை தலைகீழாகிவிடும். எங்கள் பத்திரத்தில் நடந்தது இதுதான். எல்லையும் அளவும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முன்னுரிமை தருகின்றன. அதனால் இதைச் சின்னப் பிழை என்று விட்டுவிட முடியாது.

பக்க அளவும் அப்படித்தான். "கிழமேல் 30 அடி, தென்வடல் 60 அடி" என்பது மாறிப்போனாலும் பரப்பு 1,800 சதுர அடி என்றே வரும். கூட்டிப் பெருக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வரைவைக் கையில் வைத்துக்கொண்டு மனையில் நின்று, கிழக்கு எது, பாதை எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தாய்ப் பத்திரத்தை அப்படியே நகலெடுப்பது

1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். பணியில் பல ஊர்களில் சர்வே எண்களும் உட்பிரிவுகளும் மாறின. தாய்ப் பத்திரத்தில், அதாவது விற்பவருக்குச் சொத்து வந்த முந்தைய பத்திரத்தில், பழைய எண் இருக்கும், பட்டாவில் புது எண் இருக்கும். இரண்டையும் இணைத்து எழுதாவிட்டால் பட்டா பெயர் மாற்றத்துக்கு மனு கொடுக்கும்போது சிக்கல்தான். தாய்ப் பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வரைவைப் படிக்க வேண்டும்.

அளவு அலகிலும் கவனம் தேவை. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும், பத்திரத்தில் சென்ட் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவில் 2.50 ஏர் என்றால் ஏறக்குறைய 6.18 சென்ட். அதை 6¼ என்று தோராயமாக எழுதினால், பட்டாவில் இல்லாத 30 சதுர அடிக்கு மேல் பத்திரத்தில் ஏறிவிடுகிறது. பக்கத்து மனைக்காரரோடு வழக்கு வர அதுவே போதும்.

பேனாவால் திருத்துவது

பதிவுக்கு முன் அடித்தல், இடைச்செருகல் இருந்தால் எழுதிக் கொடுப்பவர் அந்த இடத்தில் கையொப்பமோ சுருக்கொப்பமோ இட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி சார் பதிவாளர் பத்திரத்தை ஏற்க மறுக்கலாம். அடித்தல் அதிகமென்றால் அந்தப் பக்கத்தையே மறுபடி அச்செடுத்துவிடுவது நல்லது.

பதிவான பிறகோ, பேனாவைத் தொடவே கூடாது. உங்கள் கையிலுள்ளதை மாற்றினாலும் அலுவலகத்தில் உள்ள நகல் மாறாது. இரண்டும் வேறுபட்டால் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். வழி பிழைத்திருத்தல் பத்திரம்தான். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவரும் கையெழுத்திட்டு, மூலப் பத்திரத்தின் எண், ஆண்டு, அலுவலகம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தவறாக இருப்பது இது, சரியானது இது என்று எழுதிப் பதிவு செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பிழைத்திருத்தல் என்று நினைப்பது

பிழை எந்த ஏட்டில் இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பத்திரம் சரியாக இருந்து வில்லங்கச் சான்றில் மட்டும் தவறாக ஏறியிருந்தால் சார் பதிவாளரிடம் மனு கொடுத்து அந்தப் பதிவைத் திருத்தக் கேட்க வேண்டும். பட்டாவில் பிழை என்றால் வருவாய்த் துறைக்குப் போக வேண்டும். பிழை தாய்ப் பத்திரத்திலேயே தொடங்கியிருந்தால் நம் பத்திரத்தை மட்டும் திருத்திப் பயனில்லை. அதை எழுதிக் கொடுத்தவரையும் தேட வேண்டிவரும்.

அதே போல, கூடுதலாக இரண்டு சென்ட் சேர்ப்பதும், மனைவி பெயரைப் புதிதாக நுழைப்பதும் பிழைத்திருத்தம் ஆகாது. அது உரிமை மாற்றம். புதிய கிரயமாகக் கருதப்பட்டால் பொதுவாக 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டிவரும்.

தள்ளிப்போடுவது

எனக்குத் தெரிந்து இதுதான் மிகப் பெரிய தவறு. எழுதிக் கொடுத்தவர் ஊர் மாறலாம், வெளிநாடு போகலாம், இறந்துபோகலாம். பவர் ஏஜென்ட் எழுதிக் கொடுத்த பத்திரமாக இருந்து, பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் ஏஜென்டின் அதிகாரமும் பொதுவாக அத்தோடு முடிந்துவிடும். பிறகு வாரிசுகள் எல்லோரும் வர வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நீதிமன்றம்தான். 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 26-வது பிரிவு, மோசடியாலோ இரு தரப்பின் பொதுவான தவறாலோ ஆவணம் உண்மையான எண்ணத்தைச் சொல்லாமல் போனால் அதைத் திருத்தக் கேட்டு வழக்குப் போட வழி தருகிறது. ஆனால் இடையில் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் நபர் வந்துவிட்டால் அவருடைய உரிமையைப் பாதிக்காத அளவுக்குத்தான் திருத்தம் கிடைக்கும்.

ஆகவே பதிவான பத்திரம் கைக்கு வந்த அன்றே பீரோவில் வைக்காதீர்கள். வீட்டில் ஒருவர் தாய்ப் பத்திரத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் புதுப் பத்திரத்தில் விரல் வைத்துப் பின்தொடருங்கள். பெயரில் ஓர் எழுத்து, இனிஷியல், தகப்பனார் பெயர் எல்லாம் ஆதார், பான் அட்டைகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஏதாவது தென்பட்டால் அந்த வாரமே எழுதிக் கொடுத்தவருக்குப் போன் செய்துவிடுங்கள். மூலப் பத்திரம் கடனுக்காக வங்கியில் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் திருத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

திருத்தல் பத்திரம் பதிவானதும் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நகலை வைத்துப் பட்டாவுக்கும் வீட்டு வரிக்கும் மனு கொடுங்கள். நாங்கள் இப்போது இரண்டு பத்திரங்களையும் ஒரே உறையில் போட்டு, மேலே இரண்டின் எண்ணையும் எழுதி வைத்திருக்கிறோம்.