வாயைப் பார்த்துப் பிரானா வாங்குங்கள்

சிவப்பு வயிற்றுப் பிரானா வளர்க்க ஆசையா? முதலில், அதை வளர்க்கப் பல இடங்களில் தடை இருக்கிறது, விசாரித்துவிடுங்கள். அடுத்து, மீனின் வாயைப் பாருங்கள். கீழ்த்தாடை முன்தள்ளி, முக்கோணப் பற்கள் கூராக இருந்தால் பிரானா. நம் கடைவாய்ப் பல்லைப் போலத் தட்டையாக இருந்தால் அது பிரானாவின் உறவான பாக்கு (pacu) மீன். குஞ்சில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். வளர்ந்தபின் பாக்குவுக்கு வீட்டுத் தொட்டி போதவே போதாது.

அமேசானில் கெய்மன் முதலைக்கும் நதி டால்பினுக்கும் அஞ்சிக் கூட்டமாகத் திரியும் மீன் பிரானா. பெயர்தான் பயங்கரம், சுபாவம் கோழை! ஒளிய இடம் கொடுங்கள். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ். உயிருள்ள தங்கமீனைப் போட்டு வேடிக்கை பார்க்காதீர்கள், தொட்டிக்குள் நோய் நுழையும். இடம் மாற்றும்போது வலையைக் கடித்துக் கிழித்துவிடும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளுங்கள்.