பனிக்காலத்தில் மின்சாரம் நின்றுவிட்டால்

2013 டிசம்பர் இறுதியில் உறைமழையால் டொராண்டோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, சில குடும்பங்கள் குளிர்காய்வதற்காகக் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டி, குளிரைவிடப் பெரிய ஆபத்தைத் தாமே வரவழைத்துக்கொண்டன. அடுப்புக்கரியும் ஜெனரேட்டரும் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே தலைவலியும் குமட்டலும் தோன்றிய உடனே அனைவரையும் வெளியே அழைத்துச் சென்று 911 என்ற அவசர எண்ணை அழையுங்கள். கராஜின் கதவு திறந்திருந்தாலும் அங்கே கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ பயன்படுத்தவே கூடாது.

சிறிய அறை ஒன்றில் எல்லோரும் கூடி, கதவின் அடியிடுக்கைச் சுருட்டிய துவாயால் அடைத்து, மெல்லிய உடைகளை அடுக்கடுக்காக அணியுங்கள். குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரை நூல்போல ஒழுகவிடுங்கள். திறக்காத குளிர்சாதனப் பெட்டியில் உணவு சுமார் 4 மணி நேரம் தாங்கும். பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் முதியவரையும் தயவுசெய்து உங்கள் அறைக்கே அழைத்து வாருங்கள்.